நுண்கரு சோதனையில் ‘நேர்மறை’ என்றால் அந்தப் பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்று பொருளா?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஒரு வேதிப்பொருளின் பாதுகாப்பு அறிக்கையில் ‘நுண்கரு சோதனையில் நேர்மறை’ என்று எழுதியிருக்கிறது, அதே வகைப் பொருளைக் கையாளும் தொழிலாளர்களின் ரத்தத்தில் நுண்கருக்கள் கூடுதலாக உள்ளன என்று வேறோர் ஆய்வு சொல்கிறது. இவற்றை வைத்து அந்தப் பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்று முடிவு கட்டிவிடலாமா? நுண்கரு என்பது டி.என்.ஏ. சேதமடைந்ததற்கான அடையாளம் மட்டும்தானா, அல்லது அதுவே புற்றுநோய்க்குக் காரணமாகவும் அமையுமா? முதல் கேள்விக்கு, அந்த ஒற்றைச் சொல்லை வைத்து முடிவு கட்ட முடியாது என்பதே விடை. இரண்டாவது கேள்விக்கு, அது அடையாளமாகவும் இருக்கிறது, காரணமாகவும் இருக்கிறது என்பதே கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டும் விடை. இரண்டையும் விளக்க, நுண்கரு எப்படி உண்டாகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மனித செல்லின் உட்கருவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. செல் பிரியுமுன் ஒவ்வொன்றும் இரட்டிப்பாகிறது. பிரியும்போது கதிர்கோல் இழைகள் அதன் சென்ட்ரோமியர் பகுதியைப் பற்றி இரு நகல்களையும் எதிரெதிர் முனைகளுக்கு இழுத்துச் செல்கின்றன. அப்போது ஏதேனும் ஒரு துண்டோ ஒரு முழுக் குரோமோசோமோ பின்தங்கிவிட்டால், மற்றவை ஒன்றுசேர்ந்து புதிய உட்கருவாக உருப்பெறும் நேரத்தில் அது வெளியே நின்றுவிடுகிறது. அதைச் சுற்றியும் தனியே ஒரு சவ்வு உருவாகிறது. சைட்டோபிளாசத்தில் இப்படித் தனித்துக் கிடக்கும் சிறு உருண்டைதான் மைக்ரோநியூக்ளியஸ் எனப்படும் நுண்கரு. பின்தங்குவதற்கு அடிப்படையில் இரண்டு வழிகள் உண்டு. டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் அறுந்து, அந்த முறிவு சரிசெய்யப்படாமலோ தவறாக ஒட்டப்பட்டோ போனால், சென்ட்ரோமியர் இல்லாத துண்டு உண்டாகிறது. கதிர்கோல் இழைகள் பற்றுவதற்கு அதில் இடமே இல்லாததால் அது நகராமல் நிற்கிறது. மற்ற வழியில் டி.என்.ஏ. அறுபடுவதே இல்லை. கதிர்கோல் இழைகளோ, அவை பற்றும் கைனெட்டோகோர் என்னும் புரத அமைப்போ சீர்கெடுவதால், முழுக் குரோமோசோமே வழியில் தங்கிவிடுகிறது. முதல் வகைச் சேதத்தை உண்டாக்கும் பொருளைக் கிளாஸ்டோஜன் என்றும், இரண்டாம் வகையை உண்டாக்குவதை அனியூஜன் என்றும் நச்சியலில் அழைக்கிறார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அறிக்கையில் உள்ள ‘நேர்மறை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது.

இத்தகைய உருண்டைகளைப் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு முன்பே ரத்தவியலாளர்கள் கண்டிருந்தார்கள். வில்லியம் ஹோவெல், ஜஸ்டின் ஜோலி ஆகிய இருவரின் பெயரால் ஹோவெல்–ஜோலி உருண்டைகள் என்று இன்றும் ரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் குறிக்கப்படுபவை சிவப்பணுக்களில் எஞ்சிய உட்கருத் துணுக்குகளே. 1959இல் அவரைச் செடியின் வேர்நுனிகளில் கதிர்வீச்சின் விளைவை அளப்பதற்கு நுண்கருக்களை எண்ணிப் பார்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஷ்மிட், ஹெட்டில் ஆகியோரின் உழைப்பால், எலியின் எலும்பு மஜ்ஜையில் நுண்கருக்களை எண்ணுவது வேதிப்பொருள்களைச் சோதிக்கும் முறையாக வடிவம் பெற்றது. அதற்கு முன்பு இதே வேலைக்கு, பிரியும் நிலையில் உள்ள செல்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு குரோமோசோமிலும் முறிவு உண்டா என்று பார்க்க வேண்டியிருந்தது; அதற்கு நீண்ட பயிற்சியும் மிகுந்த பொறுமையும் தேவை. நுண்கருவை எண்ணுவது அதைவிடப் பன்மடங்கு விரைவானது.

எலும்பு மஜ்ஜைச் சோதனையின் நுட்பம் சிவப்பணு வளரும் விதத்தில் இருக்கிறது. சிவப்பணுவின் முன்னோடிச் செல் தன் கடைசிப் பிரிதலை முடித்த சில மணி நேரத்தில் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. அந்தப் பிரிதலில் நுண்கரு ஏதும் உண்டாகியிருந்தால், அது பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே டி.என்.ஏ. எதுவுமே இருக்கக் கூடாத ஒரு செல்லில் டி.என்.ஏ. சாயம் பிடித்த ஒரு புள்ளி தெளிவாகத் தெரிகிறது. புதிதாக உருவான சிவப்பணுவில் ஆர்.என்.ஏ. இன்னும் மீதமிருக்கும்; ஆக்ரிடின் ஆரஞ்சு சாயம் இட்டு ஒளிர்நுண்ணோக்கியில் பார்த்தால் இளஞ்செல் ஆரஞ்சுச் சிவப்பாகவும், உள்ளிருக்கும் நுண்கரு மஞ்சள் கலந்த பச்சையாகவும் ஒளிரும். முதிர்ந்த செல்லில் அந்த ஆரஞ்சு நிறம் இருக்காது. மருந்து கொடுத்த பின் பிறந்த செல் எது, முன்பே இருந்தது எது என்பதை நிறமே பிரித்துக் காட்டிவிடுகிறது. இதனால்தான் மஜ்ஜையை மருந்து கொடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ளும், புற ரத்தத்தை 36 முதல் 72 மணி நேரத்துக்குள்ளும் எடுக்க வேண்டும் என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி நிறுவனமான ஓ.இ.சி.டி.யின் 474ஆம் எண் வழிகாட்டி நெறி கூறுகிறது. ஒரு விலங்குக்கு எண்ண வேண்டிய இளஞ்செல்களின் எண்ணிக்கையை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் 2,000இலிருந்து 4,000 ஆக உயர்த்தியது. மருந்தே தராத எலியிலும் ஆயிரத்துக்கு ஓரிரு நுண்கருக்கள் இயல்பாகவே இருக்கும். இவ்வளவு அரிதாக உள்ள ஒன்றில் சிறு உயர்வைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் எண்ணிக்கை பெரிதாக இருந்தே ஆக வேண்டும்.

இந்தச் சோதனையின் முடிவை ‘நேர்மறை’ என்று அறிவிக்க மூன்று நிபந்தனைகள் உள்ளன: அதே நேரத்தில் வைத்திருந்த கட்டுப்பாட்டுக் குழுவைவிடப் புள்ளியியல் அடிப்படையில் உயர்வு இருக்க வேண்டும், அளவு கூடக் கூட விளைவும் கூட வேண்டும், அந்த உயர்வு அதே ஆய்வகம் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த கட்டுப்பாட்டு மதிப்புகளின் வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் தெளிவான நேர்மறை. செய்திகளில் வரும் பல ‘நேர்மறை’கள் முதல் நிபந்தனையோடு நின்றுபோனவை என்பதைக் கட்டுரைகளைத் திறந்து பார்க்கும்போது தெரிந்துகொள்ளலாம்.

எதிர்மறை முடிவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பொருளோ, அதன் வளர்சிதைப் பொருளோ எலும்பு மஜ்ஜையைச் சென்றடைந்தது என்று காட்டியாக வேண்டும். கல்லீரலில் உருவாகி, அங்கேயே வினைபுரிந்து, ரத்தத்தில் நெடுந்தூரம் பயணிக்காமல் அழிந்துவிடும் வளர்சிதைப் பொருளை மஜ்ஜைச் சோதனை பிடிக்காது. கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு பொருள் மஜ்ஜையில் ஒன்றும் செய்யாததுபோல் தோன்றலாம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. டி.என்.ஏ.யைத் தொடாமலேயே மஜ்ஜையில் நுண்கருக்களைப் பெருக்கும் வழிகள் இருக்கின்றன. குளோர்புரோமசின் என்னும் மனநோய் மருந்து எலிகளின் உடல் வெப்பநிலையைப் பல மணி நேரம் தாழ்த்திவிடும். வெப்பம் தாழ்ந்தால் கதிர்கோல் இழைகள் சரிவர இயங்காமல் நுண்கருக்கள் கூடுகின்றன. எலியின் உடல் வெப்பத்தைக் குறையவிடாமல் காத்தால் அந்த உயர்வு மறைந்துவிடுகிறது. உடல் வெப்பம் மிகையாக உயர்ந்தாலும் இதே விளைவுதான். ரத்த இழப்பாலோ எரித்ரோபொயட்டின் ஊசியாலோ மஜ்ஜை அவசர அவசரமாகச் சிவப்பணுக்களை உருவாக்கத் தொடங்கினாலும் நுண்கருக்கள் சற்றே கூடும். எனவே விலங்குச் சோதனையில் சிறிய உயர்வு கண்ட மருந்தைப் பற்றி, முதலில் விலங்கின் வெப்பநிலை அளக்கப்பட்டதா, ரத்தசோகை இருந்ததா என்று கேட்பது தட்டிக்கழிக்கும் உத்தி ஆகாது. கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

எந்த விலங்கு என்பதும் முக்கியம். மண்ணீரல் ஒரு வடிகட்டியாக நுண்கரு கொண்ட சிவப்பணுக்களைப் பிடித்து அகற்றும். மனிதரிலும் பெரிய எலி இனத்திலும் இது திறமையாக நடக்கிறது. சுண்டெலியில் அப்படி நடப்பதில்லை. அதனால் சுண்டெலியின் புற ரத்தத்தை நேரடியாகப் பயன்படுத்த முடிகிறது. பெரிய எலியில், இன்னும் வடிகட்டப்படாத மிக இளஞ்செல்களை மட்டும் மேற்பரப்புப் புரதத்தின் உதவியால் பிரித்தெடுத்து, செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றையைக் கடந்து ஓடவிட்டு அளக்கும் ஓட்டக் கணிப்பானில் எண்ண வேண்டியிருக்கிறது. மனிதரின் புற ரத்தச் சிவப்பணுக்களில் நுண்கரு எளிதில் காணக் கிடைக்காததற்கும், மண்ணீரல் அகற்றப்பட்டவர்களின் ரத்தத்தில் ஹோவெல்–ஜோலி உருண்டைகள் தென்படுவதற்கும் இதே வடிகட்டல்தான் காரணம்.

மனிதரில் அளப்பதற்கு எனவே வேறு செல் வேண்டும். ரத்தத்தில் எளிதில் கிடைப்பவை லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள். ஆனால் அவை உடலுக்குள் பெரும்பாலும் பிரியாமல் ஓய்வில் இருப்பவை. பிரியாத செல்லில் எவ்வளவு சேதம் இருந்தாலும் நுண்கரு உண்டாகாது. வளர்ப்பு ஊடகத்தில் தூண்டிப் பிரியச் செய்தாலும், எந்தச் செல் ஒருமுறை பிரிந்தது, எது பிரியவே இல்லை, எது மூன்று முறை பிரிந்தது என்று அறியாமல் எண்ணினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. இந்தச் சிக்கலை 1985இல் மைக்கேல் ஃபெனெக்கும் அலெக் மார்லியும் அழகாகத் தீர்த்தார்கள். சைட்டோகலாசின்-பி என்னும் பூஞ்சைப் பொருள் ஆக்டின் இழைகளைத் தடுப்பதால், உட்கரு இரண்டாகப் பிரிந்த பிறகும் செல்லின் உடல் இரண்டாகப் பிரிய முடிவதில்லை. ஒருமுறை உட்கருப் பிரிதலை முடித்த ஒவ்வொரு செல்லும் இரட்டை உட்கரு கொண்டதாக அப்படியே நின்றுவிடுகிறது. எண்ண வேண்டியவை எவை என்பதைச் செல்களே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

நடைமுறையில், ரத்தத்தோடு, லிம்போசைட்டுகளைப் பிரியத் தூண்டும் பைட்டோஹீமக்ளூட்டினின் சேர்த்து வளர்த்து, 44ஆம் மணியில் சைட்டோகலாசின்-பி இட்டு, 72ஆம் மணியில் செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமிடுவார்கள். நுண்ணோக்கியின் முன் அமர்பவருக்கு அதன்பின்தான் உண்மையான வேலை. நுண்கருவின் விட்டம் முதன்மை உட்கருவின் விட்டத்தில் பதினாறில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்க வேண்டும். உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ இருக்க வேண்டும். முதன்மை உட்கருவோடு எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் எல்லைக்கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். உட்கருவின் அதே நிறச்செறிவு இருக்க வேண்டும். சாயத்துகளைப்போல ஒளியைத் திருப்பி மின்னக் கூடாது. இத்தனை விதிகள் இருந்தும் ஒரே தகட்டை இருவர் எண்ணினால் எண்கள் சற்றே மாறுபடும். இதைக் குறைக்கவே 1997இல் ஹியூமன் என்னும் பன்னாட்டுக் கூட்டுத் திட்டம் தொடங்கப்பட்டு, பல ஆய்வகங்கள் ஒரே தகடுகளை எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தன. அதே தகட்டில் இரு உட்கருக்களையும் இணைக்கும் பாலங்களும், உட்கருவிலிருந்து மொட்டுப்போல் புடைத்து நிற்கும் பகுதிகளும் தெரியும். இரண்டு சென்ட்ரோமியர்களோடு தவறாக ஒட்டிய குரோமோசோம் இருபுறமும் இழுபடுவதன் தடமே அந்தப் பாலம்.

தகட்டில் காணும் நுண்கருவுக்குள் இருப்பது துண்டா, முழுக் குரோமோசோமா என்பதை அறிய, சென்ட்ரோமியர் டி.என்.ஏ.யோடு இணையும் ஒளிரும் குறியிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்கிளிரோடெர்மா என்னும் தன்னெதிர்ப்பு நோயின் ஒரு வகையில் நோயாளியின் உடலே சென்ட்ரோமியர் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அந்த ரத்தநீரையே சாயமாக்கியும் இதைச் செய்வதுண்டு. ஒளிப்புள்ளி உள்ள நுண்கருவில் முழுக் குரோமோசோம் இருப்பதாகக் கொள்ளலாம். புள்ளி இல்லையென்றால் அது துண்டு. மைட்டோமைசின்-சி, பிளியோமைசின், அயனியாக்கும் கதிர்வீச்சு ஆகியவை பெரும்பாலும் புள்ளியற்ற நுண்கருக்களைத் தரும். கொல்கிசின், வின்பிளாஸ்டின் போன்றவை புள்ளி உள்ளவற்றைத் தரும்.

இந்த வேறுபாடு இடர் மதிப்பீட்டையே மாற்றுகிறது. டி.என்.ஏ.யோடு நேரடியாக வினைபுரியும் கிளாஸ்டோஜன் எவ்வளவு சிறிய அளவிலும் ஓரளவு தீங்கு செய்யக்கூடும் என்று எச்சரிக்கையாகக் கருதுவதே ஒழுங்குமுறை மரபு. அனியூஜன்கள் அப்படியல்ல. கதிர்கோலில் டியூபுலின் மூலக்கூறுகள் ஏராளம். அவற்றில் ஒரு பகுதி முடங்கினாலும் மற்றவை வேலையைச் செய்துவிடும். எனவே ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டும் வரை விளைவே இராது என்பது நோகோடசோல், கார்பென்டசிம் போன்றவற்றில் நன்றாகக் காட்டப்பட்டிருக்கிறது. அந்த வாயில் அளவுக்குக் கீழே உள்ள வெளிப்பாட்டைப் பாதுகாப்பானது என ஏற்க அறிவியல் அடிப்படை இருக்கிறது. இரண்டு பொருள்களின் அறிக்கையிலும் ‘நுண்கரு சோதனை: நேர்மறை’ என்ற ஒரே வரிதான் இருக்கும், ஆனால் இரண்டும் தரும் கவலை ஒன்றல்ல. அந்த ஒரு வரியோடு அறிக்கையை மூடிவிடுவதைத்தான் நான் குறையாகக் கருதுகிறேன்.

சோதனைக் குழாயில் வளர்க்கும் செல்களில் வரும் நேர்மறைகளுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஓ.இ.சி.டி.யின் 487ஆம் வழிகாட்டி நெறி, நச்சு விளைவு காட்டும் பொருளாக இருந்தால் மிக உயர்ந்த செறிவு செல்பெருக்கத்தை ஏறக்குறைய 55 விழுக்காடு தடுக்கும் அளவாக இருக்கட்டும் என்கிறது. அதற்கு மேல் போனால், செத்துக்கொண்டிருக்கும் செல்களில் டி.என்.ஏ. தானாகவே துண்டாகி, பொய்யான நுண்கருக்கள் தோன்றும். நீண்டகாலமாகப் பயன்பட்டுவந்த சில வெள்ளெலிச் செல் வகைகளில் பி53 புரதம் சரியாக வேலை செய்வதில்லை. சேதமடைந்த செல்லை நிறுத்தி வைக்கும் காவல் இல்லாததால் அவை பொய் நேர்மறைகளை மிகுதியாகத் தந்தன. பி53 இயங்கும் மனித செல்களைப் பயன்படுத்தியபோது அந்தப் பொய்கள் குறைந்தன. மருந்துகளுக்கான பன்னாட்டு ஒத்திசைவுக் குழு 2011இல் தன் நெறியைத் திருத்தியபோது, பாலூட்டிச் செல் சோதனைகளில் பயன்படுத்தும் உச்சச் செறிவை 10 மில்லிமோலாரிலிருந்து 1 மில்லிமோலாராகக் குறைத்ததற்கும் இந்த வகை அனுபவமே பின்னணி. நானோ துகள்களைச் சோதிக்கும்போது இன்னொரு வேடிக்கை நடக்கிறது: செல் அத்துகளை விழுங்குவதற்கு ஆக்டின் தேவை, சைட்டோகலாசின்-பி ஆக்டினையே தடுப்பதால், இரண்டையும் ஒன்றாக இட்டால் துகள் உள்ளே போகாமலேயே ‘எதிர்மறை’ வந்துவிடும். துகளை முதலில் இட்டு, செல் விழுங்க நேரம் கொடுத்து, பிறகே தடுப்பானைச் சேர்க்க வேண்டும்.

பாக்டீரியாவில் மரபணு மாற்றத்தைத் தேடும் ஏம்ஸ் சோதனையும், அறுந்த டி.என்.ஏ.யை மின்புலத்தில் வால்போல் நீளச் செய்து அளக்கும் காமெட் சோதனையும் இதோடு சேர்த்தே செய்யப்படுவதற்குக் காரணம் உண்டு. பாக்டீரியாவுக்குக் கதிர்கோல் இல்லை என்பதால் அனியூஜன்கள் ஏம்ஸில் அகப்படுவதில்லை. காமெட் சோதனை அந்த நேரத்து முறிவைக் காட்டும்; அதில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் சரியாகிவிடலாம். நுண்கரு, பழுதுநீக்கத்துக்குத் தப்பி ஒரு செல் பிரிதலையும் கடந்துவிட்ட சேதத்தைக் காட்டுகிறது. டி.என்.ஏ.யைத் தொடாமல் ஹார்மோன் வழியாகவோ நீடித்த அழற்சி வழியாகவோ புற்றுநோயைத் தூண்டும் பொருளை இவற்றுள் எதுவும் நம்பகமாகக் கண்டுபிடிக்காது.

இனி, தொழிலாளர்களின் ரத்தம் பற்றிய பகுதிக்கு வருவோம். ஹியூமன் திட்டம் தொகுத்த தரவுகளில், எந்தப் பொருளுக்கும் ஆட்படாதவர்களின் லிம்போசைட்டுகளில் ஆயிரம் இரட்டை உட்கருச் செல்களுக்கு இடைநிலை மதிப்பு 6.5 நுண்கருக்கள், நடுப்பாதி மக்கள் 3க்கும் 12க்கும் இடையில் இருந்தார்கள். இயல்பான வரம்பே இவ்வளவு அகன்றது. வயது ஏற ஏற எண்ணிக்கை கூடும். பெண்களில் ஆண்களைவிடக் கூடுதல். முடக்கப்பட்ட எக்ஸ் குரோமோசோம் பின்தங்கும் வாய்ப்பு அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். ஃபோலேட் சத்துக் குறைந்தால் டி.என்.ஏ.யில் தைமின் இருக்க வேண்டிய இடத்தில் யுராசில் நுழைகிறது. அதை வெட்டி நீக்கும் முயற்சியில் முறிவுகள் உண்டாகி நுண்கருக்கள் பெருகுகின்றன. பிறவிக் கூறுகளும் உண்டு: மரபணு நீக்கப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் சுண்டெலி வகைகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு, நுண்கரு எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் 145 மரபணுக்களை அடையாளம் கண்டது. எனவே ஒரு தொழிற்கூடத்தின் ஊழியர்களை ஒப்பிடுவோர் வயது, பால், புகைப்பழக்கம், உணவு ஆகியவற்றைச் சரிக்கட்டாமல் ஒப்பிட்டால், அந்த ஒப்பீடு எதையும் நிறுவாது.

ஆனாலும் குழு அளவில் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு என்பதை 2007இல் ஸ்டெஃபானோ பொனாசியும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். 10 நாடுகளில் 6,718 பேரின் பழைய நுண்கரு அளவீடுகளை எடுத்து, பின்னாளில் அவர்களுக்குப் புற்றுநோய் வந்ததா என்று பார்த்தார்கள். குறைந்த எண்ணிக்கை கொண்ட மூன்றில் ஒரு பங்கினரோடு ஒப்பிட, நடுப்பிரிவினரின் ஒப்பு இடர் 1.84 ஆகவும் உயர்பிரிவினரின் ஒப்பு இடர் 1.53 ஆகவும் இருந்தன. உயர்பிரிவின் மதிப்பு நடுப்பிரிவைவிடத் தாழ்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். நுண்கரு கூடக் கூட இடரும் படிப்படியாக ஏறும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. தனி ஒருவருக்கு, ‘உங்கள் எண்ணிக்கை 14, ஆகவே உங்களுக்குப் புற்றுநோய் வரும்’ என்று சொல்ல இந்தச் சோதனை உதவாது. அப்படிச் சொல்லி விற்கப்படும் பரிசோதனைத் தொகுப்புகளைத் தவிர்ப்பதே நல்லது.

தனி மனிதருக்கு உண்மையிலேயே பயன்படும் ஓர் இடம் கதிர்வீச்சு விபத்து. உடல் முழுதும் பட்ட கதிர்வீச்சின் அளவை லிம்போசைட் நுண்கருக்களைக் கொண்டு, ஏறத்தாழ 0.2 முதல் 0.3 கிரே (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கீழிறங்கி மதிப்பிடலாம். இயல்பாகத் தோன்றும் நுண்கருக்களில் பெரும்பாலானவை முழுக் குரோமோசோம்கள், கதிர்வீச்சால் தோன்றுபவை துண்டுகள் என்பதால், சென்ட்ரோமியர் குறியியைச் சேர்த்துப் புள்ளியற்றவற்றை மட்டும் எண்ணினால் இதைவிடத் தாழ்ந்த அளவையும் பிரித்தறிய முடிகிறது.

இரண்டாவது கேள்வி, நுண்கருவே காரணமாகுமா என்பது. குரோமோசோம் பங்கீட்டுப் பிழைகள்தாம் கட்டிகளுக்குத் தோற்றுவாய் என்று தியோடோர் போவேரி 1914லேயே எழுதினார். இருந்தும் நெடுங்காலம் நுண்கருவை ஒரு செயலற்ற எச்சமாகவே பார்த்தார்கள். 2012இல் டேவிட் பெல்மனின் ஆய்வகம், நுண்கருவில் சிக்கிய குரோமோசோம் தாமதமாகவும் அரைகுறையாகவும் இரட்டிப்பாகி, பெருமளவில் நொறுங்குகிறது என்று காட்டியது. மறு ஆண்டே எமிலி ஹாட்சும் மார்ட்டின் ஹெட்சரும் நுண்கருவின் சவ்வு அடிக்கடி கிழிந்துவிடுகிறது என்றும், சவ்வைத் தாங்கும் லாமின் பி1 அதில் குறைவு என்றும் கண்டார்கள். கதிர்கோலின் நடுவில் பின்தங்கும் குரோமோசோமைச் சுற்றி உருவாகும் சவ்வில் உட்கருத் துளைகளுக்குரிய புரதங்கள் போதிய அளவு சேர்வதில்லை என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் விளக்கின. துளை குறைந்தால், இரட்டிப்புக்கும் பழுதுநீக்கத்துக்கும் வேண்டிய புரதங்கள் உள்ளே போக முடிவதில்லை.

இதே காலத்தில் புற்றுநோய் மரபணுத் தொகுதிகளைப் படித்தவர்கள் வேறொரு புதிரில் சிக்கியிருந்தார்கள். ஒரே ஒரு குரோமோசோம் பத்து, நூறு துண்டுகளாக உடைந்து, தாறுமாறான வரிசையில் மீண்டும் ஒட்டிக் கிடப்பதை 2011இல் பீட்டர் கேம்ப்பெலின் குழு விவரித்து, அதற்குக் குரோமோத்ரிப்சிஸ் என்று பெயரிட்டது. ஒரு செல்லில் இவ்வளவு சேதமும் ஒரே குரோமோசோமுக்கு மட்டும் எப்படி நேரும்? அந்தக் குரோமோசோம் மட்டும் தனியே நுண்கருவில் அடைபட்டிருந்தால் நேரும். 2015இல் பெல்மனின் குழு, நுண்கரு கொண்ட செல்லைப் படம்பிடித்துக்கொண்டே வந்து, அது பிரிந்த பின் இரு சேய் செல்களின் டி.என்.ஏ.யையும் தனித்தனியே படித்து, நுண்கருவில் இருந்த குரோமோசோமில் மட்டும் அந்த நொறுங்கல் வடிவத்தைக் காட்டியது. 38 வகைப் புற்றுநோய்களின் 2,658 கட்டிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான தொகுப்பில், பல புற்றுநோய் வகைகளில் பாதிக்கும் மேற்பட்ட கட்டிகளில் இந்தத் தடம் இருந்தது. உடைந்த துண்டுகள் செல் பிரியும்போது சிதறிப் போகாமல், சி.ஐ.பி.2ஏ என்னும் புரதத்தின் துணையால் ஒரு கற்றையாகப் பிணைக்கப்பட்டே ஒரு சேய் செல்லுக்குள் போகின்றன என்பதும் 2023இல் தெரியவந்தது. துண்டுகள் ஒரே செல்லில் மறுபடி ஒட்டப்பட அதனால் வாய்ப்புக் கூடுகிறது. சில துண்டுகள் வளையமாக மூடிக்கொண்டு, புற்றுநோய் மரபணுவையோ மருந்தெதிர்ப்பு மரபணுவையோ பல மடங்கு பெருக்கித் தரும் தனி டி.என்.ஏ. வட்டங்களாகவும் ஆகின்றன. கருத்தில் கொள்ள வேண்டியது, இது நுண்கரு கொண்ட எல்லாச் செல்லுக்கும் நேர்வதில்லை என்பது. பி53 காவல் உள்ள செல்லில் பெரும்பாலானவை பிரிவதை நிறுத்திக்கொள்கின்றன, அல்லது அழிகின்றன.

நுண்கருவின் சவ்வு கிழியும்போது இன்னொன்றும் நடக்கிறது. சைட்டோபிளாசத்தில் டி.என்.ஏ. தென்பட்டால் வைரஸ் நுழைந்துவிட்டதாகக் கொண்டு எச்சரிக்கும் சிகாஸ் என்னும் உணர்வி, கிழிந்த நுண்கருவில் வந்து குவிகிறது என்று 2017இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. அது ஸ்டிங் என்னும் புரதத்தின் வழியாக இன்டர்ஃபெரான் எதிர்வினையைத் தூண்டினால், நோயெதிர்ப்புச் செல்கள் கட்டியை நோக்கி ஈர்க்கப்படலாம். ஆனால் குரோமோசோம் நிலைகுலைந்த புற்றுநோய் செல்கள் இதே பாதையைத் திசைதிருப்பி, பிற உறுப்புகளுக்குப் பரவும் திறனைப் பெறுகின்றன என்று 2018இல் சாமுவேல் பகூமும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். டி.என்.ஏ. புரதங்களின் மேல் சுற்றப்பட்டிருக்கும் அலகான நியூக்ளியோசோமோடு இணைந்த சிகாஸ் பெருமளவு முடங்கிக் கிடக்கிறது என்பதை 2020இன் கட்டமைப்பு ஆய்வுகள் காட்டியதால், நுண்கருவில் சிகாஸ் குவிவதை வைத்து மட்டும் அது வினைபுரிகிறது என்று கருதுவது பொருந்தாது.

சிகிச்சையில் இதே நிகழ்வு வேண்டுமென்றே உண்டாக்கப்படுகிறது. பாக்ளிடாக்செல் கதிர்கோலைக் குலைத்துப் புற்றுநோய் செல்லின் குரோமோசோம்களைப் பல நுண்கருக்களாகச் சிதறடிக்கிறது. கதிர்வீச்சும், டி.என்.ஏ. பழுதுநீக்கத்தைத் தடுக்கும் மருந்துகளான பார்ப் தடுப்பான்களும் முறிவுகளைப் பெருக்கி நுண்கருக்களை உண்டாக்குகின்றன. அவற்றோடு நோயெதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்துத் தரும் முயற்சிகளின் பின்னணியில் சிகாஸ்–ஸ்டிங் பாதை இருக்கிறது. எலும்பு மஜ்ஜைச் சோதனையில், ஆய்வகம் சரியாக இயங்குகிறதா என்று பார்ப்பதற்கு நேர்மறைக் கட்டுப்பாடாக வழக்கமாகக் கொடுக்கப்படும் சைக்ளோபாஸ்பமைடும் ஒரு புற்றுநோய் மருந்தே. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் வைத்திருக்கிறது. அதைக் கொடுக்கும் மருத்துவர், இன்றைய கட்டியையும் பல ஆண்டுகள் கழித்து வரக்கூடிய ரத்தப் புற்றுநோயின் இடரையும் எடைபோட்டே மொத்த அளவை வரையறுக்கிறார்.